குக்கரும் பரிசுப் பெட்டியும்: ஆர்.கே. நகர் நாட்குறிப்பு

3.11.2024, ஞாயிறு

ஜெயலலிதா மறைவால் காலியாகி 2017-இல் இடைத்தேர்தல் கண்ட ஆர்.கே. நகர் என்று எடுத்தாலே தண்டையார்பேட்டை டீக்கடையில் பேச்சு பணப்பட்டுவாடாவோடு முடிந்துவிடுகிறது. தினகரனின் அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம் (அமமுக) சட்டமன்றத்தில் ஏன் ஒற்றை ஆளாக நின்றது என்று பார்க்க, கட்சித்தாவல் சட்டத்தையும் தலை எண்ணிக்கையையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

1985-இல் வந்த கட்சித்தாவல் சட்டம், அதாவது அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, மூன்றில் ஒரு பங்கு எம்.எல்.ஏ.க்கள் பிரிந்தால் அதைப் 'பிளவு' என்று ஒப்புக்கொண்டது. 2003-இல் 91-ஆவது திருத்தம் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது இணைப்பு மட்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2017 பிப்ரவரியில் அதிமுகவுக்கு சபாநாயகரோடு 135 பேர். பழைய விதிப்படி பிரிய 45 பேர், புதிய விதிப்படி இணைய 90 பேர் வேண்டும். பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் (122-க்கு 11) எதிர்த்து நின்ற ஓ.பி.எஸ். அணியும் சரி, பிறகு தினகரன் பக்கம் போன 18 பேரும் சரி, பழைய கணக்கையே எட்டவில்லை. இந்த நிலையில் யார் பிரிந்தாலும் "நாங்கள்தான் அசல் கட்சி" என்று வாதாடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

5.11.2024, செவ்வாய்

சின்னம். 2017 மார்ச் 22-இல் இரட்டை இலை முடக்கம். சசிகலா அணிக்கு 'அதிமுக (அம்மா)' என்ற பெயரும் தொப்பியும், ஓ.பி.எஸ். அணிக்கு 'அதிமுக (புரட்சித் தலைவி அம்மா)' என்ற பெயரும் மின்கம்பமும். பணப் புகாரில் ஏப்ரல் 12-இல் நடக்க இருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து. நவம்பர் 23-இல் இலை எடப்பாடி–ஓ.பி.எஸ். தரப்புக்குத் திரும்பியது. தினகரனுக்குத் தொப்பியும் கிடைக்கவில்லை, சுயேச்சையாகக் குக்கர்.

டிசம்பர் 21 வாக்குச்சீட்டில் வேட்பாளர்கள் 59. நோட்டாவோடு 60 வரி. வாக்கு இயந்திரத்தில் ஒரு பெட்டிக்கு 16 பொத்தான் என்பதால் பூத்துக்கு நாலு பெட்டி. வரிசையில் முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள், அடுத்துப் பதிவு மட்டும் பெற்றவை, கடைசியில் சுயேச்சைகள். இலை மேலே இருக்கும். குக்கரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பூத் வேலை தெரிந்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியும் தினகரன் 89,013, அதிமுகவின் மதுசூதனன் 48,306. வித்தியாசம் 40,707. புதுச் சின்னம் ஒரு தொகுதிக்குள் சில வாரத்தில் பதிந்துவிடும் என்பதற்கு இது போதும். 234 தொகுதிக்கு அதே வித்தை பலிக்காது.

9.11.2024, சனி

18 பேர் விவகாரம். 2017 ஆகஸ்ட் 21-இல் எடப்பாடி, ஓ.பி.எஸ். அணிகள் இணைந்தன. மறுநாள் தினகரன் பக்கம் இருந்த 19 எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் எடப்பாடி மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஜக்கையன் திரும்பிப் போனார். செப்டம்பர் 18-இல் மற்ற 18 பேரும் தகுதிநீக்கம். அவர்களில் நம்ம பெரம்பூர் வெற்றிவேலும் ஒருவர்.

சபாநாயகர் எடுத்தது பத்தாவது அட்டவணையின் 2(1)(அ): தானாகவே கட்சியை விட்டு விலகியது. இதற்குக் கொறடா உத்தரவை மீற வேண்டியதில்லை, நடத்தையே போதும். அவையில் எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேருக்குப் பதவி இருந்தது, கடிதம் கொடுத்த 18 பேருக்குப் போனது. எத்தனை தீர்ப்பு படித்தாலும் எனக்கு இது நெருடத்தான் செய்கிறது. 2018 ஜூன் 14-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு; அக்டோபர் 25-இல் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார்.

ஆட்சிக்கு இதில் என்ன லாபம்? ஆர்.கே. நகர் காலியாக இருந்ததால் அவை 233, பெரும்பான்மைக்கு 117. பதினெட்டைக் கழித்தால் 215. அப்போது 108 போதும்.

10.11.2024, ஞாயிறு

அமமுக 2018 மார்ச் 15-இல் மேலூரில் தொடங்கியது. ஆனால் அதைக் கட்சியாக உடனே பதிவு செய்யவில்லை. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் அதே அட்டவணையின் 2(2)-இன்படி பதவி போகும். இந்தக் கத்தி ஆர்.கே. நகர் எம்.எல்.ஏ. தினகரனின் தலைக்கு மேலேயே தொங்கியது. பதிவு இல்லையென்றால் பொதுச் சின்னம் (எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம்) கேட்க உரிமையும் இல்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பரிசுப் பெட்டி கிடைத்தது, அதுவும் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே கருதப்படுவார்கள் என்ற நிபந்தனையோடு. பிரசாரத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. 22 இடைத்தேர்தலில் திமுக 13, அதிமுக 9, அமமுக பூஜ்யம். பெரம்பூரில் வெற்றிவேலே நின்றும் தொகுதி திமுகவுக்குப் போனது. கட்சிப் பதிவு 2019 டிசம்பரில்தான்.

16.11.2024, சனி

1989-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்றும் இலை முடங்கியது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. யார் பெரியவர் என்பதை ஓட்டே சொல்லிவிட்டதால், சில வாரத்திலேயே அணிகள் சேர்ந்தன, இலை திரும்பியது, மார்ச்சில் மருங்காபுரியும் மதுரை கிழக்கும் கைக்கு வந்தன. 2017-இல் இலையை ஆணையம் முன்கூட்டியே ஒரு தரப்புக்குக் கொடுத்துவிட்டதால் அமமுகவுக்குப் பேரம் பேச எதுவும் மிஞ்சவில்லை.

2021-இல் குக்கர் பொதுச் சின்னமாகவே கிடைத்தது, தேமுதிக கூட்டணியும் இருந்தது. ஓர் இடம்கூட வரவில்லை. தினகரன் கோவில்பட்டிக்குப் போய்த் தோற்றார், ஆர்.கே. நகரைத் திமுகவின் எபினேசர் எடுத்துக்கொண்டார்.