450 ஒத்து வந்தது: ரோலிங் சப்பும் நிமிடக் கணக்கும்

போன சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில், எங்கள் பசங்க ஒவ்வொருவனும் ஆடிய நிமிடங்களைக் கூட்டினால் கணக்கு பிசகாமல் 450-ல் வந்து நின்றது. ஒன்பது பேர் ஆட்டம், பாதிக்கு 25 நிமிடம்; 9 × 50 = 450. பசங்க 2-1 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம். எனக்கு அன்று ராத்திரி ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

பதின்மூன்று வயதுக்குட்பட்ட பசங்க டீம், குன்னூர் பக்கம்; கணக்கு எழுதுவது நான். கோல், அசிஸ்ட் (கோலுக்குப் பந்து கொடுத்தது), கார்னர், கோல்கீப்பர் தடுத்தது எல்லாம் குறிப்பதில் பெரிய பாடு எதுவும் இல்லை, செய்கிறவர்களுக்குத் தெரியும். என் உயிரை வாங்கியது, ஒவ்வொரு பையனும் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தான் என்பதுதான். பெரியவர்கள் ஆட்டத்தில் வெளியே போனவன் போனவன்தான், ஒரு கழித்தலில் கணக்கு முடிந்துவிடும். சிறுவர் ஆட்டத்தில் வெளியே போனவன் திரும்ப வருவதற்கு (ரோலிங் சப் என்பது இதுதான்) கால்பந்து ஆட்டச் சட்டத்தின் 3-ஆம் விதியே இடம் கொடுக்கிறது, கால்பந்துச் சங்கம் ஒத்துக்கொண்டால் போதும். எங்கள் கோச் அந்த இடத்தை ஒரு அங்குலம் மிச்சம் வைக்காமல் பயன்படுத்துகிறவர்.

இந்த நிமிடத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், பசங்க வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். முக்கால்வாசிப் பேருக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். அம்மா தேயிலை பறிக்கப் போயிருப்பார், அப்பா ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருப்பார் அல்லது கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கியிருப்பார். ஆட்டத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு ஸ்கோரை விட, "எங்க பையனை எவ்வளவு நேரம் விட்டாங்க?" என்பதுதான் பெரிசு. பையன் வீட்டுக்குப் போய் "சும்மா அஞ்சு நிமிஷம்தான்மா" என்பான். கோச்சுக்கு ராத்திரி போன் வரும். உண்மையில் அவன் அரை மணி நேரம் ஆடியிருப்பான்.

முறை இதுதான். ஒரு வரிக்கு ஒரு சம்பவம்: நிமிடம், ஜெர்சி நம்பர், 'உ' (உள்ளே) அல்லது 'வெ' (வெளியே). தொடக்கத்தில் ஒன்பது பேருக்கும் 0 உ. கடைசி விசிலில் களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் 50 வெ. இடைவேளையில் வாட்சை நிறுத்திவிட்டு அங்கிருந்தே தொடர்வதால் பாதிகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம். ஒருவனுடைய 'வெ' நிமிடங்களைக் கூட்டி, அதிலிருந்து 'உ' நிமிடங்களின் கூட்டலைக் கழித்தால் அவன் ஆடிய நேரம். 11-ஆம் நம்பரைப் பாருங்கள்: உள்ளே 0, 20, 41, வெளியே 14, 33, 50. வெளியே 97, உள்ளே 61, ஆடியது 36. எத்தனை தடவை போய் வந்தாலும் சூத்திரம் மாறாது. கம்ப்யூட்டர் ஷீட்டில் இரண்டு 'சம்இஃப்ஸ்' (நிபந்தனைக்கு ஒத்ததை மட்டும் கூட்டும் சூத்திரம்), நடுவில் ஒரு கழித்தல் குறி, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், நொடிகளை விட்டுவிடலாம் என்பது. 14 நிமிடம் 40 நொடிக்கு நடந்த மாற்றத்தை 14 என்று போட்டாலும் 15 என்று போட்டாலும், உள்ளே போனவனுக்கும் வெளியே வந்தவனுக்கும் அதே எண்தான். கூட்டுத்தொகையில் ஒன்றை ஒன்று அடித்துவிடும். மொத்தம் 450-தான் வரும். ரெஃப்ரி இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டால் 468.

ஆனால் 450 வந்துவிட்டது என்று சும்மா இருக்க முடியாது. 3-ஆம் நம்பர் வெளியே போனதை 8-ஆம் நம்பர் என்று எழுதிவிட்டாலும் மொத்தம் என்னவோ சரியாகத்தான் காட்டும். அதனால் இரண்டாவது சல்லடை: ஒவ்வொருவனுக்கும் 'உ' எத்தனையோ 'வெ'-யும் அத்தனை இருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும். ஒரு 'வெ' விட்டுப்போனால் பையன் மைனஸ் 12 நிமிடம் ஆடியதாகக் காட்டும் கூத்தும் உண்டு. மாற்றம் முழுசாகவே கண்ணில் படாமல் போவதும் நடக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, கடைசி விசிலில் காகிதத்தைப் பார்க்காமல் களத்தைப் பார்த்து அந்த ஒன்பது நம்பரை எழுதுவது. இடைவேளை முடிந்து இறங்கும்போதும் அதேபோல ஒரு பார்வை.

அடிபட்டு ஒருவன் உட்கார்ந்து, பெஞ்சிலும் ஆள் இல்லாமல், எட்டுப் பேரோடு முடிகிற ஆட்டம்தான் ரொம்ப நாள் இடித்தது. அதற்கு 99-ஆம் நம்பர் ஒருவனைச் சேர்த்தேன், பெயர் 'காலி இடம்'. ஆள் குறைந்த நிமிடத்திலிருந்து அவன் உள்ளே. இப்போது அதுவும் 450. பசங்களுக்கு இது பயங்கர வேடிக்கை. "அண்ணா, 99 இன்னைக்கு நல்லா ஆடினானா?" என்று கேட்கிறார்கள்.

ஷீட்டைப் பற்றி இரண்டு புலம்பல். 3-2 என்று ஸ்கோர் அடித்தால் அது பிப்ரவரி 3 ஆகிவிடும். கட்டத்தை வெறும் எழுத்து என்று மாற்றிவிட்டு அடிக்கலாம். நான் நம் கோல், அவர்கள் கோல் என்று இரண்டு பத்தியாகவே பிரித்துவிட்டேன், கூட்டவும் வசதி. அப்புறம் 23:40 என்று போட்டால் அதற்கு இருபத்து மூன்று மணி நாற்பது நிமிடம் என்றுதான் புரிகிறது. நொடியை நான் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். காசு கொடுத்து வாங்கிய ஒரு செயலியும் இருந்தது. வெளியே போனவன் திரும்ப வருவான் என்றே அதற்குத் தெரியாது. சிக்னல் போனால் அதுவும் படுத்துவிடும். எஸ்டேட் மைதானத்தில் சிக்னலுக்கு எங்கே போவது?

அதனால் களத்தில் காகிதம்தான். பரீட்சை அட்டை, அதன் மேல் பாலித்தீன் உறை, நூலில் கட்டிய பென்சில். பேனா உதவாது. ஈரக் காகிதத்தில் பால் பாயின்ட் இரண்டு எழுத்துக்கு மேல் ஓடாது, ஜெல் பேனா கரைந்து நீலக் குளமாகிவிடும். ஹெச்பி பென்சில் நனைந்த தாளைக் கிழிக்கிறது. 2பி மெத்தென்று எழுதும், மங்காது. தென்மேற்குப் பருவத்தில் ஊட்டி, கூடலூர் பக்கம் போனால் நனைவோம். எங்களுக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் கச்சேரி. போனை வெளியே எடுக்கவே முடியாது, ஈர விரலுக்கு அது கேட்காது.

மழையை விட மோசம் மஞ்சு, அதாவது மூடுபனி. கோத்தகிரி காந்தி மைதானத்தில் ஒரு ஆட்டம், எதிர்ப் பக்க கோல் கம்பமே தெரியவில்லை. கூச்சல் கேட்கிறது, கோல் என்று புரிகிறது, யார் என்று தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் சாக்ஸ் நிறம், பூட்ஸ் நிறம் குறித்து வைக்கிறேன். ஒரே நிறத்தில் சாக்ஸ் போடச் சொல்லி கோச் ஆரம்பித்திருக்கிறார், நான் எதிர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கார்னரையும் ஷாட்டையும் எண்ண, நாமஜபத்துக்கு விரலில் மாட்டிக்கொள்ளும் டிஜிட்டல் கவுன்ட்டர் அருமை. பூஜைச் சாமான் கடையில் கேளுங்கள், விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும் கவுன்ட்டரை விடப் பல மடங்கு மலிவு. கட்டை விரலால் அழுத்தினால் போதும், கண் பந்தின் மேலேயே இருக்கும். இரண்டு வாங்கி, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று.

வீடுகளுக்கு அனுப்புவது வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்துதான். படமாக அனுப்பினால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஷீட் லிங்க் கேட்கவே வேண்டாம். நம்பர், நிமிடம், பிறகு அவன் செய்த ஒரு நல்ல காரியம்: "5 – 41 நிமிடம் – கோல் கோட்டில் ஒரு பந்தைக் காப்பாற்றினான்." வாசிக்கத் தெரியாத பாட்டிகளுக்காகக் குரல் பதிவும் ஒன்று. ஓன் கோல் (நம் கோலுக்குள்ளேயே பந்தை) அடித்தவன் நம்பர் என் நோட்டில் இருக்கும், குரூப்பில் போகாது. அதிக கோல் அடித்தவர் பட்டியலும் கிடையாது. ஒரு அப்பா இதற்காக என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், பன்னிரண்டு வயதில் பசங்களுக்கு ரேங்க் கார்டு ஸ்கூலில் வாங்குவதே போதும்.

அடுத்தது, மைதானத்தை ஆறு கட்டமாகப் பிரித்து, பந்தை எங்கே தொலைக்கிறோம் என்று குறிக்கப் போகிறேன். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு, கீழ்ப்பக்கத்தில்தான் எல்லாம் போகிறது என்பது என் சந்தேகம். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனிடமே அட்டையைக் கொடுத்தால் என்ன என்று கோச்சிடம் கேட்டிருக்கிறேன். போன சீசன் நோட்டுகளை ஷீட்டில் ஏற்றும் வேலை பாதியில் கிடக்கிறது. கோத்தகிரி ஆட்டம் வரைக்கும் வந்திருக்கிறேன். அதில் 11-ஆம் நம்பருக்கு 'உ' மூன்று, 'வெ' இரண்டு, கட்டம் சிவப்பு.