இட்லி மாவு பொங்கி வழிஞ்சதும், ஃப்ரிட்ஜ் ஃபேன் நின்னு போனதும்

கத்திரி வெயில் ஆரம்பிச்ச வாரம். சனிக்கிழமை காலைலயே புளிச்ச மாவ அம்மா ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சாச்சு, ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு கதவ திறந்தா தூக்குவாளி மூடிய தள்ளிக்கிட்டு மாவு பொங்கி கீழ் தட்டு வரைக்கும் வழிஞ்சு கெடக்கு. பால காய்ச்சினா திரிஞ்சு போச்சு. காய் ட்ரேல கை வச்சா சில்லுன்னே இல்ல. ஆனா மேல ஃப்ரீசர திறந்தா ஐஸ் ட்ரேல ஐஸ் கட்டி கட்டியா இருக்கு, ஐஸ்கிரீம் மட்டும் ஓரத்துல லேசா இளகியிருந்துச்சு. அப்புறம் பார்த்தா எல்லாத்துக்கும் பதில் அதுலயே இருந்திருக்கு.

எங்களோடது டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ, 11 வருஷம் ஓடுன ஃப்ரிட்ஜ், கம்ப்ரசர் வேகத்த தானா கூட்டிக் குறைக்குற இன்வெர்ட்டர் மாடல் எல்லாம் கிடையாது. பக்கத்துல ரிப்பேர் பண்றவர கூப்பிட்டோம், வந்தவர் பின்னாடி கம்ப்ரசர தொட்டு பார்த்துட்டு "கேஸ் போயிருச்சு தம்பி, ஃபில் பண்ணி தர்றேன், 3500 ஆகும்"னு சொல்லிட்டாரு. அம்மாவுக்கு அன்னைக்கே சரியாகணும், சரின்னு சொல்லப் போயிட்டாங்க. நான்தான் ஒரு நாள் டைம் கேட்டேன். கேஸ் போயிருந்தா மேல எப்படி ஐஸ் நிக்கும்? அந்த ஒரு கேள்வி மனச விட்டு போகவே இல்ல.

இந்த மாதிரி ஃப்ரிட்ஜுல குளிர வைக்கிற காயில் ஒண்ணே ஒண்ணுதான். ஃப்ரீசர் பின்பக்க பேனலுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கும். கீழ் அறைக்குன்னு தனியா எதுவும் இல்ல. காயில் பக்கத்துல இருக்குற ஒரு சின்ன ஃபேன்தான் அந்த குளிர் காத்த இழுத்து ஃப்ரீசருக்குள்ள சுத்த விட்டு, மிச்சத்த டக்ட்ங்கிற காத்துப் பாதை வழியா கீழ அனுப்புது. அந்த ஃபேன் நின்னா காயில ஒட்டி இருக்குற ஃப்ரீசர் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், கீழ இருக்குற பாலும் மாவும் முதல்ல போயிரும். மேல ஐஸ் இருக்கு கீழ கூலிங் இல்லன்னா தயவு செஞ்சு கேஸ் பத்தி பேச விடாதீங்க, முதல்ல ஃபேன பாருங்க. பழைய சிங்கிள் டோர் டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜுல ஃபேனே கிடையாது, அங்க கதை வேற.

யோசிச்சு பார்த்தா ஒரு வாரமா ஃப்ரிட்ஜ் கரகரன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு, ஃப்ரீசர் கதவ திறந்தா சத்தம் நிக்கும், மூடினா திரும்ப கேக்கும், வியாழக்கிழமையோ என்னமோ தானா நின்னு போச்சு, சத்தம் போயிருச்சேன்னு வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. அன்னைக்குத்தான் ஃபேனே நின்னிருக்கு. கதவு திறந்தா சத்தம் நின்னதுக்கு காரணம் டோர் ஸ்விட்ச், கதவு திறந்ததும் அது ஃபேன ஆஃப் பண்ணிரும். அதனால கதவ திறந்து வச்சுட்டு ஃபேன் ஓடலன்னு முடிவு பண்ணக்கூடாது. கம்ப்ரசர் ஓடும்போது அந்த ஸ்விட்ச்ச விரலால அமுக்கி பிடிச்சு கேட்டேன், காத்தும் வரல, சத்தமும் இல்ல.

ப்ளக்க புடுங்கிட்டு, சாமான எல்லாம் பக்கத்து வீட்டு அக்கா ஃப்ரிட்ஜுக்கு மாத்திட்டு, ஃப்ரீசர் பேனல் ஸ்க்ரூவ கழட்டினா பேனல் அசையவே இல்ல. உள்ள ஐஸ் பிடிச்சு ஒட்டியிருக்கு. இங்க ஒரு விஷயத்த கெஞ்சி கேட்டுக்குறேன், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஐஸ குத்தாதீங்க. உள்ள இருக்குறது மெல்லிசான அலுமினிய குழாய், ஒரு ஓட்டை விழுந்தா அப்ப நிஜமாவே கேஸ் போயிரும், அதுவும் நிறைய ஃப்ரிட்ஜுல இப்ப இருக்குறது ஆர்600ஏ, ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற கேஸ். கதவ திறந்து போட்டு, கீழ பழைய துண்ட விரிச்சு, ராத்திரி முழுக்க விட்டேன். காலைல பேனல் அதுவா கையோட வந்துச்சு.

ஃபேன் றெக்கை ஓரம் எல்லாம் ஐஸ்ல உரசி தேஞ்சிருக்கு. கையால சுத்தினா கட்டையா நிக்குது. மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு மோட்டார் ரெண்டு ஒயர்லயும் பார்த்தா ஓஎல்னு வருது, அதாவது உள்ள கனெக்ஷனே இல்ல, மோட்டாருக்குள்ள சுத்தியிருக்குற கம்பி எரிஞ்சு கட் ஆயிருச்சு. ஐஸ்ல சிக்கி சுத்த முடியாம நின்னு நின்னு சூடாகி போயிருக்கு. பழைய மோட்டார பையில போட்டுக்கிட்டு டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஸ்பேர் கடைக்கு போனேன். போட்டோ மட்டும் காட்டி வாங்காதீங்க, ஷாஃப்ட் நீளம், பிராக்கெட் ஓட்டை, சுத்துற திசை மூணும் பொருந்தணும், கடைக்காரரும் "பழச கொண்டு வந்தீங்க, நல்லதுண்ணே"ன்னுதான் சொன்னாரு. 450 ரூபா. மாட்டி கரண்ட் குடுத்து, டோர் ஸ்விட்ச்ச அமுக்கினதும் காத்து முகத்துல அடிச்சுச்சு பாருங்க, அம்மா கைய நீட்டி நீட்டி பார்த்தாங்க. மறுநாள் கீழ் தட்டுல தண்ணி டம்ளர்ல வச்ச தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டுச்சு.

ஒன்பதாவது நாள் மறுபடியும் கரகர.

அன்னைக்கு மனசு உடைஞ்சு போச்சு, ஆனா அப்பதான் சரியான கேள்வி வந்துச்சு. ஃபேன் கெட்டது சரி, அங்க அவ்வளவு ஐஸ் ஏன் வந்துச்சு? ஃப்ராஸ்ட் ஃப்ரீன்னா காயில்ல பனியே பிடிக்காதுன்னு இல்ல, பிடிக்கிற பனிய அதுவே உருக்கிக்கும், அதான் அர்த்தம். எங்க மாதிரி பழைய மாடல்ல ஒரு டைமர் இருக்கும், கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடினதும் அத நிறுத்திட்டு காயிலுக்கு கீழ இருக்குற ஹீட்டருக்கு கரண்ட் விடும். நடுவுல பைமெட்டல்னு ஒரு பொத்தான் சைஸ் தெர்மோஸ்டாட், காயில் நல்லா குளிர்ந்திருந்தாத்தான் ஹீட்டருக்கு வழி விடும், உருகினதும் கட் பண்ணிரும். ஹீட்டர் சூடு எல்லை மீறினா காப்பாத்த ஒரு தெர்மல் ஃப்யூஸ். இதுல ஒண்ணு போனாலும் ஐஸ் ஏறிக்கிட்டே போகும், புது ஃபேனையும் தின்னுரும்.

திரும்பவும் பிரிச்சேன். இந்த தடவ உருகுறதுக்கு முன்னாடியே எட்டிப் பார்த்தேன், காயில் மேலருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா வெள்ளையா இருந்துச்சு. கேஸ் கம்மியா இருந்தா காயிலோட ஆரம்பத்துல கொஞ்சம் மட்டும் பனி பிடிச்சு மிச்சம் வெறுமையா இருக்கும், அந்த சந்தேகமும் அதோட தீர்ந்துச்சு. ஹீட்டர் 300 ஓம்ஸ் சொச்சம், நல்லா இருக்கு. ஃப்யூஸ் கன்டினியூட்டி காட்டுது, அதாவது அறுந்து போகல. டைமர ஸ்க்ரூ டிரைவரால மெதுவா திருப்பினா டக்குன்னு சத்தத்தோட மாறுது. மிச்சம் பைமெட்டல். இது ரூம் சூட்டுல ஓஎல் தான் காட்டும், நல்ல பீஸும் அப்படித்தான், அத வச்சு தூக்கிப் போட்டுறக்கூடாது. மைனஸ் 5, மைனஸ் 7 டிகிரி கிட்ட போனாத்தான் உள்ள கனெக்ஷன் சேரும். ஒரு சொம்புல ஐஸ உடைச்சுப் போட்டு கல் உப்ப நிறைய கலந்து, குல்ஃபி வண்டிக்காரங்க பண்ற அதே வேலைதான், பைமெட்டல பாலிதீன் கவர்ல கட்டி உள்ள முக்கி 20 நிமிஷம் வச்சேன். அப்பவும் ஓஎல். வெளிய எடுத்து துடைச்சு வெளிச்சத்துல பார்த்தா அதோட முகம் தட்டையா இல்லாம உப்பி இருக்கு, உள்ள தண்ணி போயிருக்கு.

ஃப்யூஸோட சேர்ந்த செட்டு 250 ரூபா. பழைய இடத்துலயே, காயில் குழாய ஒட்டி கிளிப்ப இறுக்கி மாட்டினேன், தளர்ந்து தொங்கினா அதுக்கு குளிர் தெரியாது. அப்படியே கீழ தண்ணி வடியுற ட்ரெயின் ஓட்டைல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அடைப்பையும் எடுத்துட்டேன், உருகுற தண்ணி போக வழி இல்லன்னா அதுவே மறுபடியும் ஐஸாயிரும்.

இப்ப நாலு மாசம் ஆச்சு, சத்தம் இல்ல. ராத்திரி சில நேரம் கம்ப்ரசர் நின்னு, உள்ள சொய்ங்னு ஹீட்டர் மேல தண்ணி சொட்டுற சத்தம் கேக்கும், அம்மா பயந்து எழுப்பினாங்க, அது டிஃப்ராஸ்ட், பனி உருகுதுன்னு சொல்லி படுக்க வச்சேன்.

உங்க வீட்ல இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜா இருந்தா மேல சொன்ன ஓம்ஸ் டெஸ்ட் அப்படியே ஒத்து வராது, அதுல பெரும்பாலும் 12 வோல்ட் டிசி ஃபேன், மூணு நாலு ஒயர் வரும், போர்டுல இருந்து வோல்டேஜ் வருதான்னு பார்க்கணும், அத கரண்ட் இருக்கும்போதே பார்க்கணுங்கிறதால பழக்கம் இல்லாதவங்க ஆள் வச்சே பாருங்க. டோர் ஸ்விட்ச்ச அமுக்கி காது குடுக்குறது மட்டும் யார் வேணாலும் பண்ணலாம்.