ஐந்து மணி வகுப்பு: ஒரு தன்னார்வலரின் நாட்குறிப்பு

29 நவம்பர் 2021, திங்கள்

இன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் குப்பத்தின் வலை பின்னும் கூடத்தில் 18 பிள்ளைகளோடு வகுப்பைத் தொடங்கினேன். போன மாதம் 27 அன்று இதே மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் பெயர் கொடுத்து, பயிற்சியும் முடித்தவள் நான். தன்னார்வலர் ஒருவருக்கு 20 பிள்ளைகள்வரை, தினமும் ஒன்றரை மணி நேரம்வரை வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது ஏற்பாடு.

கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடம் தொடக்க வகுப்புகளுக்கு இந்த நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. என்னிடம் வந்திருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரும் இந்த மாதம்தான் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவர்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மைதான். ஆனால் பென்சிலை எப்படிப் பிடிப்பது என்று விரலைத் தொட்டுக் காட்ட அதனால் முடியாது. அந்த நால்வரில் ஒருவன் பென்சிலை முழுக் கையால் இறுக்கிப் பிடித்துத் தாளைக் கிழித்துவிட்டு, அடி விழுமோ என்று என் முகத்தைப் பார்த்தான். இன்று எழுத்து வேண்டாம் என்று மணலில் வட்டம் மட்டும் போடச் சொன்னேன்.

8 டிசம்பர் 2021, புதன்

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 43-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னதற்கு 34 என்று எழுதியிருந்தாள். மூன்றிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து மூன்றைக் கழித்து நான்கு என்று போட்டிருக்கிறாள். இவளுடைய அம்மா தலையில் கூடை சுமந்து மீன் விற்பவர். இவளும் விடுமுறை நாட்களில் கூடவே போகிறாள். கூறு 70 ரூபாய் என்றால் 200 ரூபாய்த் தாளுக்கு மீதி எவ்வளவு என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள், “நூத்தி முப்பது மிஸ்” என்றாள்.

தென்னை ஈர்க்கைச் சம அளவில் ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். நான்கு கட்டு, மூன்று உதிரிக் குச்சி. பதினேழு எடு என்றதும் ஒரு கட்டைத் தூக்கித் தனியே வைத்தாள். பிறகு மூன்று குச்சிகளையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தானாகவே இன்னொரு கட்டின் ரப்பர் பேண்டை உருவினாள். இரண்டு கட்டும் ஆறு குச்சியும் மிஞ்சியதை மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் 26 என்று எழுதினாள். கடன் வாங்கிக் கழிப்பது என்று நாம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கட்டை அவிழ்ப்பதைத்தான். இவளுக்கு அறிவில் குறை எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பிலேயே கட்டை அவிழ்த்துக் காட்டியிருக்க வேண்டியவர்கள் அருகில் இல்லாமல் போனார்கள். இந்தப் பிள்ளைகளை மக்கு என்று யாராவது சொல்லக் கேட்டால் எனக்குத் தாங்குவதில்லை.

22 டிசம்பர் 2021, புதன்

மழை. 11 பேர் வந்தார்கள். பாட்டு, கதை.

10 ஜனவரி 2022, திங்கள்

மூன்றாம் அலையால் பள்ளிக்கூடத்தை மறுபடி மூடிவிட்டார்கள். அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா சென்ற ஆண்டு மே மாதம் கொரோனாவில் இறந்தவர். எட்டாம் வகுப்பில் இருக்கும் அண்ணன் பள்ளி திறந்திருந்த நாட்களிலும் சரியாகப் போகவில்லை என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. விடியற்காலையில் கரை சேரும் படகுகளின் வலையிலிருந்து மீன் பிரித்துக் கொடுக்கிறான். நண்டுக்கால் கிழித்த விரல்களில் துணி சுற்றியிருந்தது. “நான் போவாட்டி வட்டி யாரு அக்கா கட்டுவா?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அரசின் நிவாரணத்துக்கு எழுதிக்கொடுத்தீர்களா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் ரூபாய் என்று 2021 மே மாதமே அறிவித்தார்கள். இறப்புச் சான்றிதழில் நோயின் பெயரே இல்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதற்குமேல் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எட்டு மாதமாக அந்தத் தாளை அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்.

2 பிப்ரவரி 2022, புதன்

பள்ளிகள் நேற்றுத் திறந்துவிட்டன. காலையில் அந்த அம்மாவோடு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகம் போய் வந்தேன். மகளிர் குழுவிலிருந்து ஓர் அக்காவும் துணைக்கு வந்தார். தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பைக் கொரோனா இறப்பாகவே கொள்ள வேண்டும் என்றும், சான்றிதழில் சிக்கல் இருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றும் உச்ச நீதிமன்ற வழக்கையொட்டி விதி வந்திருக்கிறது. பரிசோதனை முடிவு வந்திருந்த குறுஞ்செய்தி இறந்தவரின் பழைய கைபேசியில் அப்படியே இருந்தது. மே 9 அன்று வந்த செய்தி; அவர் இறந்தது மே 21. பன்னிரண்டு நாள். அந்தச் செய்திக்காகவே திரை உடைந்த கைபேசிக்கு 300 ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி போட்டோம்.

மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். திரும்பும் பேருந்தில் அந்த அம்மா, “கையெழுத்து போடறப்பதான் அக்கா கை நடுங்குச்சு, அவரு செத்துட்டாருன்னு நானே ஒத்துக்கற மாதிரி இருந்துச்சு” என்றார். நிவாரணத்துக்குரியவர்களை அரசே பதிவேட்டைப் பார்த்துத் தேடி வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடிந்த அரசுக்கு இது முடியாத காரியமல்ல.

18 மார்ச் 2022, வெள்ளி

மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. இதற்கிடையே மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து, வெளிக்கடனை அடைக்க வைத்தது. பையன் மீன் பிரிப்பதை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்வதென்று அவன் தாய்மாமா முன்னிலையில் பேச்சு. இரண்டு வாரமாகப் பள்ளிக்குப் போகிறான். மாலையில் தங்கையோடு கூடத்துக்கும் வருகிறான். என் வகுப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அவன் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதை நான் தடுக்கவில்லை. மணலில் வட்டம் போட்ட சிறுவன் இன்று பலகையில் ‘படகு’ என்று எழுதினான். ‘ட’வைச் சரியாகவே போட்டான்.

13 ஜூன் 2022, திங்கள்

புதிய கல்வியாண்டு. இன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கியிருக்கிறார்கள். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். பெருந்தொற்றுக் காலத்து இழப்பு ஓர் ஆண்டு மாலை வகுப்போடு தீர்ந்துவிடாது என்பதை ஒத்துக்கொண்டு போட்ட திட்டமாகவே இதை எடுத்துக்கொள்கிறேன், அதனால் மகிழ்ச்சி.

நிவாரண ஆணை போன வாரம் வந்தது. பையன் ஒன்பதாம் வகுப்புக்காகக் காலை எட்டரை மணிப் பேருந்தில் மரக்காணம் போனான். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. மாலையில் தங்கை கூடத்துக்கு முதல் ஆளாக வந்து, ஈர்க்குக் கட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டில் ஒன்பதுதான் இருக்கிறது என்று என்னிடம் நீட்டினாள்.