ட்வீட் போட்டவரோட பெட்டி

ஒரு ஏர்லைன்ஸோட சோஷியல் மீடியா டெஸ்க்ல மூணு வருஷம் இருந்தேன். என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா திட்டு வாங்குற வேலைன்னு சொல்லிடுவேன், பாதி உண்மைதான்.

2010 ஏப்ரல்ல ஐஸ்லாந்து எரிமலை சாம்பல் கிளம்பி ஐரோப்பா பூரா ஃப்ளைட் நின்னுச்சு இல்லையா, அப்போ கால் சென்டர் லைனே கிடைக்காம ஜனங்க ட்விட்டர், ஃபேஸ்புக்னு வந்து கேக்க, நெதர்லாந்து ஏர்லைன்ஸான கேஎல்எம் அங்கயே பதில் சொல்ல ஆள் உக்கார வெச்சாங்க. 2013ல ஒருத்தர் அப்பாவோட லக்கேஜ் வரலன்னு கைக்காசு போட்டு அந்த ஏர்லைன்ஸ திட்டி ட்விட்டர்ல விளம்பரமே குடுத்தாரு. அதுக்கப்புறம் எந்த கம்பெனிக்குத்தான் பயம் இருக்காது.

வெளிய தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. எங்ககிட்ட தனியா மந்திரக்கோல் எதுவும் கிடையாது. ஏர்போர்ட் கவுன்ட்டர்ல இருக்கறவர் பாக்குற அதே வேர்ல்டு ட்ரேசர்தான் (காணாம போன பெட்டிய தேடுற கம்ப்யூட்டர் சிஸ்டம்) நாங்களும் பாப்போம். "கேவலமான சர்வீஸ்"னு நாலு ட்வீட் போட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது, பிஐஆர் நம்பர் (பெட்டி வரலன்னு ஏர்போர்ட்ல எழுதிக் குடுக்கற புகாரோட நம்பர்: ஏர்போர்ட் கோடு மூணெழுத்து, ஏர்லைன் கோடு ரெண்டு, அப்புறம் 5 நம்பர்), பேக் டேக்ல இருக்கற 10 இலக்கம், இது ரெண்டும் டிஎம்ல, அதாவது தனி மெசேஜ்ல வந்தா ரெண்டு நிமிஷத்துல பெட்டி கடைசியா எங்க ஸ்கேன் ஆச்சுன்னு சொல்லிடுவேன். சிலர் கோவத்துல போர்டிங் பாஸையே ஃபோட்டோ எடுத்து பொதுவுல போட்டுடுவாங்க, பிஎன்ஆரும் பேரும் கெடச்சா எவன் வேணா புக்கிங்குக்குள்ள பூந்துடலாம், அதை முதல்ல டெலீட் பண்ணுங்க சார்னு கெஞ்சறதே பாதி வேலை. இதுல எங்க பேர்லயே போலி அக்கவுன்ட் வேற வந்து ஃபோன் நம்பர் கேக்கும்.

இன்னொண்ணு, ட்வீட் போட்டாச்சேன்னு முறைப்படி க்ளைம் எழுதாம விட்டவங்க நிறைய பேர். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சர்வதேச ஃப்ளைட்ல பெட்டி ஒடஞ்சு வந்தா 7 நாளுக்குள்ள, லேட்டா வந்தா கைக்கு வந்ததுலேர்ந்து 21 நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும். எங்க டெஸ்க்ல "ரொம்ப வருந்துகிறோம்"னு எத்தனை தடவை சொன்னாலும் அந்த நாள் கணக்கு நிக்காது.

ஒரு தடவை நிறைய ஃபாலோயர்ஸ் இருக்கற ஒருத்தர் பெட்டி கனெக்‌ஷன் ஃப்ளைட்ட மிஸ் பண்ணிடுச்சு. சூப்பர்வைசர் பின்னாடியே வந்து நின்னுட்டாரு. நான் அந்த ஏர்போர்ட்டுக்கே ஃபோன் போட்டு அவசரமா அனுப்பணும்னு காட்டற ரஷ் டேக் ஒட்ட வெச்சு அடுத்த ஃப்ளைட்ல ஏத்த சொன்னேன், மறுநாளே போயிடுச்சு, அவரும் நன்றின்னு ட்வீட் போட்டாரு, டீம்ல எல்லாரும் கை தட்டுனாங்க.

அஞ்சாவது நாள் ஈமெயில் டீம்ல இருக்கற ஃப்ரெண்டு, இத கொஞ்சம் பாரேன்னு ஒரு ஃபைல அனுப்புனா. அதே ஃப்ளைட்ல வந்த வயசான அம்மா, மருந்தெல்லாம் தெரியாம பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்களாம், அன்னைக்கே மெயில் போட்டிருக்காங்க, முறை இப்பதான் வந்திருக்கு. டேக் நம்பர போட்டு பாத்தேன். அதே ஏர்போர்ட், அதே ஸ்டோர் ரூம், ரெண்டு பெட்டியும் ஒரே நேரத்துல ஸ்கேன் ஆகியிருக்கு.

அன்னைக்கு ஃபோன்ல நான் ஒரு டேக் நம்பர்தான் படிச்சேன்.