வலது பாக்கெட்டில் போன், இடது காதில் அக்கா

சர்க்கரை அளவு கோட்டைத் தாண்டியதும், தினமும் 40 நிமிடம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் விடியற்காலையில் நாய்களின் ஆட்சி. அதனால் மொட்டை மாடியில் நடக்கிறேன். வெறுமனே நடந்தால் போரடிக்கும். கோவையில் இருக்கும் அக்காவோடு பேசிக்கொண்டே நடப்பேன். வலது காது சற்று மந்தம் என்பதால், ப்ளூடூத் ஹெட்செட் எப்போதும் இடது காதில்தான்.

லுங்கியும் சட்டையுமாக நடந்த வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. போன மாதம் மகள் ஒரு ட்ராக் பேன்ட் வாங்கித் தந்தாள். அதில் வலப்பக்கப் பைக்கு மட்டும் ஜிப். போன் விழாது என்று அதிலேயே போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அக்காவின் குரல் துண்டு துண்டாக வர ஆரம்பித்தது. "என்னடா, பாதிப் பேச்சை முழுங்குற?" என்று அவள் என்னைத் திட்ட, நான் ஹெட்செட்டைத் திட்ட, கடைசியில் வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் காதில் மாட்டி, "நல்லாத்தானே சார் கேக்குது" என்றார். எனக்கும் அங்கே நன்றாகத்தான் கேட்டது. வீட்டு ஹாலில் நடந்து பார்த்தேன். அங்கேயும் குறையில்லை. மாடிக்குப் போனால் மட்டும் கோளாறு.

அதுதான் புரியவில்லை. மேலே சுவர் இல்லை, கூரை இல்லை. திறந்த வெளியில் இன்னும் தெளிவாகத்தானே கேட்க வேண்டும்?

பொங்கலுக்கு வந்த அக்கா மகனிடம் சொன்னேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாமா, குறுக்கே நிக்கிறதே நீங்கதான்" என்றான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. இந்த அலைக்குத் தண்ணீர் ஆகாது, சீக்கிரமே உறிஞ்சிவிடும். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். வலது இடுப்பில் கிளம்பும் சிக்னல் என் தொப்பையைத் துளைத்து இடது காதுக்கு வருவது நடக்காத காரியம். ஹாலில் எப்படிக் கேட்டது என்றால், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் காதுக்கு வந்திருக்கிறது. மொட்டை மாடியில் திருப்பி அனுப்ப ஆளில்லை. வானத்தைப் பார்த்துப் போனது போனதுதான்.

நான் உடனே நம்பிவிடவில்லை. மறுநாள் கவனித்து நடந்தேன். எங்கள் மாடியின் மேற்கு ஓரத்தில் படிக்கட்டு அறை. கிழக்கே இன்னும் வீடு எழும்பாத காலி மனைகள். படிக்கட்டு அறைச் சுவரை ஒட்டி நடக்கும்போதெல்லாம் அக்கா முழுசாகப் பேசினாள். கிழக்கே கைப்பிடிச் சுவரை நெருங்கியதும் "நேத்து... ரேஷன்... வரிசை..." என்று தந்தி அடித்தாள். போனை இடது பைக்கு மாற்றினேன். ரேஷன் கடைக் கதை முழுக்க வந்துவிட்டது. (கேட்காமலே இருந்திருக்கலாம்.)

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. அட்டைப் பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருந்தது. போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, இடது காது போனைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நகர்ந்து போனேன். மாடியின் நீளம் 40 அடி, 12 மீட்டர். எதிர்ச்சுவர் வரை பாட்டு அறுபடவில்லை. அதே இடத்தில் அப்படியே திரும்பி, வலது காது போன் பக்கம் வந்ததும் திக்கியது. நடுவில் வந்தது என் தலை மட்டும்தான். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தால் சுத்தமாக நின்றுபோனது. தொட்டியைக் கழுவக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை, அதே இடத்தில் உட்கார்ந்தேன். பாடியது! காலித் தொட்டிக்குப் பின்னால் காதைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்ததைப் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டு கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது, பேச்சு உடனே அறுந்துவிடுகிறது. பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமாம். வழியில் தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்க நேரம் கிடைக்கும். அக்காவின் பேச்சை அப்படிச் சேர்த்துவைக்க முடியாது, வந்த வேகத்திலேயே காதில் போட்டாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைதான் என்று தெரிந்ததும், "அப்ப காது வெந்துடாதா?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் அடுப்பு 800 வாட். இந்த மாதிரி ஹெட்செட்டுக்கு வரம்பே இரண்டரை மில்லிவாட். மூன்று லட்சம் மடங்கு வித்தியாசம். அவ்வளவு சன்னமான சிக்னல் என்பதால்தான் ஒரு தொப்பைக்கே தோற்றுப்போகிறது.

சரி, போன் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பையில் ஜிப் இல்லை, குனிந்தால் போன் விழுகிறது. தெருமுனை டெய்லரிடம் போய், இடது பைக்கும் ஜிப் வைத்துத் தரச் சொன்னேன்.

"வலது பக்கம் இருக்கே சார், பத்தாதா?"

"அதில்லைங்க, நம்ம உடம்புல தண்ணி இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தேன்.

அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "புதன்கிழமை வாங்க சார்" என்றார்.