ரெண்டர் போட்டால் ஏழாவது நிமிடம் இருளும் திரை: பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றைச் சரிசெய்த பதிவு

மெஷின்: ஜியான் இ5-1650 வி3 (6 கோர், 140 வாட்), 8 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) ரேம் நான்கு, 600 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டை உள்ளே வேண்டிய வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி), 220 வாட் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டு. கார்டுக்கு 8 பின் ஒன்றும் 6 பின் ஒன்றுமாக இரண்டு பவர் கனெக்டர் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படி ஒரு வயர்தான் இருந்தது. அது 8 பின்னுக்குப் போக, 6 பின்னுக்குச் சாட்டா பவரிலிருந்து (ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பவர் வயர்) அடாப்டர் போட்டிருந்தது.

குறை இரண்டு. ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் கனமான வேலை) ஓடும்போது ஆறு, ஏழு நிமிடத்தில் திரை இருண்டு ‘நோ சிக்னல்’ வரும். கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் இரையும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் மீளும். சாதாரண வேலைகளில் ஒரு தொல்லையும் இல்லை. இன்னொன்று, 32 ஜிபி ரேமில் 24 ஜிபிதான் காட்டியது.

முதல் நாள்: லாக்

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக நின்றது. பலர் இந்த எண்ணைப் பார்த்ததுமே புது எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். போன தடவை மெஷின் முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் 41 எதையும் சொல்லாது. டீடெய்ல்ஸ் பகுதியைத் திறந்து இரண்டு வரிகளைப் படிக்க வேண்டும். பக்செக்கோட் 0 என்றிருந்தால் நீலத்திரை விவரம் எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். அங்கே 292 இருந்திருந்தால் அது ஹெக்ஸில் (16-அடிமான எண்முறை) 124, அதாவது ஹார்டுவேர் பிழை. விசாரணை வேறு பக்கம் போயிருக்கும். பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் பூஜ்யமாக இல்லாவிட்டால் பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறார்கள். இங்கே முதலாவது 0, இரண்டாவதில் நீளமான எண். ஆக, இந்த 41 எல்லாம் திரை இருண்ட பிறகு விரல் போட்டவை.

அடுத்த கேள்வி: திரை இருண்டபோது மெஷின் உயிரோடு இருந்ததா? இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து விடாமல் பிங் (நெட்வொர்க்கில் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு கட்டளை) ஓடவிட்டு ரெண்டர் தொடங்கினோம். திரை இருண்ட பிறகும் பதில் வந்துகொண்டே இருந்தது. இந்த ஒரு சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பிராசஸர், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றும் வேலை செய்கின்றன. மயங்கி விழுந்தது கார்டு மட்டும்.

இரண்டாம் நாள்: சூடா, பவரா?

பிராசஸருக்கு மட்டும் முழு லோடு கொடுத்து அரை மணி நேரம்: ஒன்றும் ஆகவில்லை. கார்டுக்கு மட்டும் லோடு: ஏழாவது நிமிடம் இருட்டு. கார்டின் சிப்பான ஜிபியுவின் கடைசியாகப் பதிவான வெப்பநிலை 74 டிகிரி. அந்தச் சூட்டில் எந்தக் கார்டும் படுத்துவிடாது. பிறகு கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கக்கூடிய வாட்டின் உச்சவரம்பு) 60 சதவீதமாகக் குறைத்து அதே ரெண்டரைப் போட்டதில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. சிப்புக்குக் கோளாறு இல்லை, கேட்கும் கரண்ட் போய்ச் சேரவில்லை என்பதற்கு இது வலுவான தடயம். லோடு ஏறிய நொடியே விழாமல் சில நிமிடம் கழித்து விழுவதும் ஒரு குறிப்புதான்: எங்கோ ஒரு இணைப்பு மெல்லச் சூடாகிறது.

மூன்றாம் நாள்: மல்டிமீட்டர்

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் கிளிப்பால் இணைத்து, ‘12 வோல்ட் வருகிறது, நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடுவது வழக்கம். லோடு இல்லாத அந்த அளவு ஃபேன் சுற்றுகிறது என்பதை மட்டுமே காட்டும். மெஷின் ஓடும்போது, லோடு இருக்கும்போது, பொருள் கரண்டை வாங்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். கனெக்டரின் பின்பக்கம் வயர் நுழையும் ஓட்டையில் மெல்லிய ப்ரோப்பைச் செருகலாம். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட்டுக்கு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது 11.40 முதல் 12.60 வரை.

24 பின்னின் மஞ்சள் வயரில் லோடு இல்லாமல் 12.08, முழு லோடில் 11.92. குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்டின் 6 பின்னில் மஞ்சளுக்கும் கருப்புக்கும் இடையே முழு லோடில் 11.10. கிட்டத்தட்ட 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. கருப்பு ப்ரோப்பைக் கேபினெட் திருகில் வைத்து அளந்தபோது 11.40 காட்டியது. மீதி 0.30 வோல்ட் கருப்பு வயரின் பாதையில் போகிறது. கிரவுண்டைக் கேபினெட்டில் வைத்தே அளப்பவர்கள் இந்தப் பங்கைத் தவறவிடுகிறார்கள்.

மெயின் வயரை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திவிட்டு அடாப்டரைக் கழற்றினோம். சாட்டா முனையின் கருப்புப் பிளாஸ்டிக், 12 வோல்ட் பின்கள் இருக்கும் ஓரத்தில் மட்டும் பளபளப்பு இழந்து லேசாக உப்பியிருந்தது. உள்ளே மூன்று தகடுகளில் ஒன்று பழுப்பு நிறம். மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை.

கணக்குப் போட்டால் காரணம் வெட்டவெளிச்சம். சாட்டா பவரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். கார்டின் 6 பின் கனெக்டர் 75 வாட் வரை, அதாவது 6.25 ஆம்பியர் கேட்கலாம். அதிகப்படிக் கரண்டில் தகடு சூடாகிறது, சூட்டில் பிடி தளர்ந்து தொடர்பின் ரெசிஸ்டன்ஸ் ஏறுகிறது, அதனால் இன்னும் சூடாகிறது. ஒரு பின் சோர்ந்தால் அதன் பங்கை மற்ற இரண்டும் சுமக்கின்றன. இந்த அடாப்டர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, தயவுசெய்து வாங்காதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய பொருள் இது.

6+2 பின் வயர் (6 பின்னாகவும் 8 பின்னாகவும் செருகலாம்) இரண்டும் தனித்தனியாக வரும் 650 வாட் எஸ்எம்பிஎஸ் மாற்றினோம். இங்கே இரண்டு எச்சரிக்கை. சில கம்பெனி வொர்க்ஸ்டேஷன்களில் மதர்போர்டின் பவர் கனெக்டர் வழக்கமான 24 பின்னாக இருக்காது. வாங்கும் முன் பின்களை எண்ணிப் பாருங்கள். மாடுலர் (வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் என்றால் பழையதன் வயரைப் புதியதில் செருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கலாம்; 5 வோல்ட் போகும் இடத்தில் 12 போனால் ஹார்டு டிஸ்க் செத்துவிடும். மாற்றிய பின் முழு லோடில் கார்டின் 6 பின்னில் 11.97. பவர் லிமிட் 100 சதவீதத்தில் மூன்று மணி நேர ரெண்டர் முடிந்தது.

காணாமல் போன 8 ஜிபி

ரேம்களை இடம் மாற்றிப் போட்டாலும் அதே ஸ்லாட்தான் காலி என்றது. அப்படியென்றால் ரேம் மேல் பழியில்லை. மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், சாக்கெட்டில் ஒரு தொடர்பு சரியாக உட்காராவிட்டாலும் ஒரு சேனல் (ரேமுக்குப் போகும் பாதை) முழுதாகப் போய்விடும். பிராசஸரைக் குளிர்விக்கும் ஹீட்சிங்க்கின் நான்கு திருகில் ஒன்று மட்டும் இறுகிக் கிடந்தது. பிராசஸரைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்து ஓரத்தில் பழைய தெர்மல் பேஸ்ட் தீற்றல். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நூல் உதிராத துணியை நனைத்துத் துடைத்தோம். சாக்கெட்டின் ஊசிகளைத் துணியால் தொடவே கூடாது. டார்ச்சைச் சாய்த்து அடித்து, வரிசை கோணாமல் மின்னுகிறதா என்று பார்த்தால் போதும். திருகுகளை எதிர்மூலைக்கு எதிர்மூலை, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்றாக இறுக்கியதில் 32 ஜிபி வந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நான்கு சுற்றிலும் பிழையில்லை.

ரேமின் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். முலாம் மெல்லியது, துகள் ஸ்லாட்டில் இறங்கும். ஆல்கஹால் போதும்.

இன்னும் பாக்கி

இப்போது முழு லோடில் சுவரிலிருந்து 480 வாட் வரை இழுக்கிறது. மேஜைக்கடியில் இருப்பது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ். இந்த வகை பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் நடுவே கரண்ட் போனால் அது கைவிட்டுவிடும். 1000 விஏ, 600 வாட் என்று இரண்டு எண்ணும் எழுதியிருப்பதாகப் பார்த்து மாற்ற வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருசுருக்கிறது. பிளக் பாயிண்டில் எர்த் வரவில்லை என்பதற்கு அடையாளம் அது: எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் 230 வோல்ட்டில் பாதியைக் கேபினெட்டில் ஏற்றி வைக்கின்றன. எலக்ட்ரீசியன் வந்து எர்த் வயரைப் பார்த்த பிறகுதான் யுபிஎஸ் வாங்குவது.