யாங்க்டன் மணல் திட்டுகளும் மிசௌரியின் கிழட்டு மீன்களும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் ஒமாஹாவிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் யாங்க்டன், தெற்கு டகோட்டாவில் ஒரு சின்ன ஊர். மிசௌரி ஆற்றின் ஆறு பெரிய அணைகளில் கடைசியான கேவின்ஸ் பாயின்ட் அணை இங்கேதான் இருக்கிறது, 1957இல் கட்டி முடித்தது. அணைக்கு மேலே ஏரி, விசைப்படகு, கேம்பிங் என்று ஒரே கூட்டம். நான் போனது அணைக்குக் கீழே இருக்கும் ஆற்றுக்காக. அங்கிருந்து நெப்ராஸ்காவின் பாங்கா பூங்கா வரை 59 மைல் தூரத்துக்கு மிசௌரி இன்னும் ஆறு மாதிரியே ஓடுகிறது, அகலமாக, கிளை கிளையாகப் பிரிந்து, நடுவே மணல் திட்டுகளை விட்டுக்கொண்டு.

ஜூன் மாதம், காயக் வாடகைக்கு எடுத்து இறங்கினோம். சில திட்டுகளில் பலகை நட்டிருந்தார்கள், பறவை முட்டையிடும் இடம், ஏறாதே என்று. தள்ளியே நின்று பைனாகுலரில் பார்த்தேன். சின்ன ஆலா ஒன்று, மஞ்சள் அலகு, வெள்ளை நெற்றி, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று சட்டென்று விழுந்து மீனோடு எழுந்தது. மணலில் பைப்பிங் பிளவர், அதாவது உப்புக்கொத்தி இனம், நாலு அடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அது நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, அப்படி மணலோடு மணலான நிறம்.

இந்த இரண்டுக்கும் வேண்டியது செடி முளைக்காத வெறும் மணல். முன்பெல்லாம் வசந்த கால வெள்ளம் பழைய திட்டை அரித்துப் புதிதாகக் கொட்டிவிட்டுப் போகும். இப்போது வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது, இருக்கிற திட்டில் புதர் மண்டிவிடுகிறது. அதனால் அணைகளை நடத்தும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையே இயந்திரம் வைத்து மணல் திட்டு கட்டியது.

சரி, வெள்ளத்தையே கொஞ்சம் திறந்துவிட்டால் என்ன? அங்கேதான் சண்டை. கீழே சியூ சிட்டியிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஆற்றைப் பார்ஜ், அதாவது தட்டையான சரக்குப் படகு போகும் கால்வாயாகக் குறுக்கிவிட்டார்கள், இரு பக்கமும் சோளமும் சோயாவும். வெள்ளத் தடுப்புக் கரைக்கு உள்ளே இருக்கும் வயலின் மழைத்தண்ணீர் குழாய் வழியாக ஆற்றுக்குத்தான் வடிய வேண்டும். ஆறு உயர்ந்தால் குழாயின் மூடி அடைத்துக்கொள்ளும், விதைக்கிற நேரத்தில் வயல் ஊறிக் கிடக்கும். வழியில் காபி குடிக்க நின்ற இடத்தில் ஒரு விவசாயியோடு பேச்சுக் கொடுத்தேன். பறவை மேல் அவருக்குக் கோபமே இல்லை, தன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததில்தான் கோபம். 2014இல் நூற்றுக்கணக்கான விவசாயிகள் அரசு மேல் வழக்கே போட்டார்கள். 2018 தீர்ப்பு, சில வருட வெள்ளங்களுக்கு ஆற்றை நடத்திய விதம் காரணம் என்று ஒப்புக்கொண்டது. கேவின்ஸ் பாயின்ட்டிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடி திறந்த 2011 பெருவெள்ளத்தை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

இவர்களை எல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் 2007 சட்டப்படி மிசௌரி ஆறு மீட்புக் குழு வந்தது. சுமார் எழுபது பேர்: விவசாயம், பார்ஜ், மின்சாரம், குடிநீர், மீன்பிடி, சுற்றுச்சூழல், மாநிலங்கள், பழங்குடி நாடுகள், மத்தியத் துறைகள். பரிந்துரை செய்யத்தான் அதிகாரம், அதுவும் எல்லோரும் ஒத்துவந்தால்தான். பழங்குடிகளுக்கு அந்த மேசையில் இடம் கிடைத்தது மிகத் தாமதம் என்பேன். 1948இல் வடக்கு டகோட்டாவின் கேரிசன் அணைக்காக, ஏரியில் மூழ்கப்போகும் நிலத்தை எழுதிக் கொடுக்கும்போது, ஃபோர்ட் பெர்தோல்ட் பழங்குடித் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட் முகத்தைக் கையால் மூடி அழும் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இந்த ஏரிகளில் படகு ஓட்டுவது எனக்கு லேசாக இல்லை.

இங்கே இருக்கும் உள்நாட்டு ஆற்றுச் சின்ன ஆலா நன்றாகப் பெருகி 2021இல் அழியும் இனப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. மீன் விஷயம்தான் கஷ்டம். யாங்க்டன் மீன் பண்ணையை ஒட்டிய காட்சிக்கூடத்தில் இந்த ஆற்றின் பாலிட் ஸ்டர்ஜன் என்ற மீனை அருகில் பார்க்கலாம்: வெளிறிய உடம்பு, மண்வெட்டி போல் தட்டையான மூக்கு, முதுகில் எலும்புத் தகடு வரிசை, மூக்குக்கு அடியில் தரையைத் தடவும் நாலு மீசை. ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழும். 1990இலிருந்து அழியும் இனப் பட்டியலில் இருக்கிறது. பொரித்த குஞ்சு நீரோட்டத்தோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதந்துதான் வளர வேண்டும், மேல் ஆற்றில் அதற்குள் அடுத்த அணையின் ஏரி வந்துவிடுகிறது, ஏரி முகப்பின் அடிச்சேற்றில் ஆக்ஸிஜன் இல்லை, குஞ்சு செத்துப்போகிறது. அங்கே இயற்கையாகப் பிறந்தவை என்று மிச்சம் இருப்பவை அணைகளுக்கு முன்னால் பிறந்த கிழட்டு மீன்கள்தான், மற்றதெல்லாம் பண்ணையில் வளர்த்து விட்டவை.

பறவைக்கு மணல் கொட்டினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, அதனால் எழுபது பேரும் தலையாட்டலாம். மீனுக்கோ ஓடும் தண்ணீரே வேண்டும், அதில் ஒவ்வொருவருடைய பங்கும் இருக்கிறது. மொன்டானாவில் ஃபோர்ட் பெக் அணையிலிருந்து சோதனையாகக் கூடுதல் தண்ணீர் விடலாம் என்றதும், கரையோரப் பாசன பம்புகள் என்ன ஆகும் என்று அங்குள்ள விவசாயிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பம்புக்கும் பயிருக்கும் நஷ்டஈடு எவ்வளவு, யார் தருவார்கள் என்பதைத் தண்ணீர் திறப்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டால், விவசாயி தடுக்கத்தான் வருவார்.